பட்டமும் பாத்தியமும்



நம் ஏரலினின்று சில கல் தொலைவில் கொற்கை என்னும் சிற்றூர் உளதென்பதும், முன்னொரு காலத்தில் அது பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிற்றென்பதும் நம்மில் யாவரும் அறிந்தனவே. 1877-ஆம் ஆண்டில் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்த கால்டுவெல் பாதிரியார், அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவந்த கதையொன்றையும் குறித்து வைத்தனர். சேரன், சோழன், பாண்டியன் என்னும் மூவரும் உடன்பிறந்தாராய்க் கொற்கையிலே ஒருங்கு வாழ்ந்தனரென்றும், பின்னர்ப் பாண்டியன் தாயகத்தில் தங்க, ஏனையிருவரும் வடக்கும் மேற்கும் சென்று தனித்தனி நாடு கண்டனரென்றும் அக்கதை கூறும். சிலப்பதிகாரத்திலோ, நீதி தவறியமைக்கு வருந்தி நெடுஞ்செழியன் உயிர் துறந்தபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனே மதுரை ஏறி அரசுகட்டிலில் அமர்ந்தனன் என்று காண்கிறோம். ஆகவே, 'ஒருவர் மாண்டபின் அவர் இடம் யாருக்கு?' என்னும் வினா நம் ஆற்றங்கரைக்குப் புதியதன்று.

அவ்வினா அரசர்க்கு மட்டும் உரியதும் அன்று. இரண்டு மரக்கால் விதைப்பாடு உடையவன் வீட்டிலும், தந்தையின் கருமாதி முடிந்து பந்தற்கால் பிடுங்குமுன்னே அஃது எழுந்துவிடுகிறது. பெரியோர் வீட்டு வரலாறு சிறியோர்க்குக் கண்ணாடியாகும் என்னும் கருத்துப்பற்றியே, சேதுநாடு, சிவகங்கை ஆகிய இரு சமஸ்தானங்களின் பட்டம் கைமாறிய வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சேதுநாடு இரண்டானது

மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சடைக்கத் தேவர் என்பார் சேதுபதியாக ஏற்கப்பட்டனர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்க்குக் காவலாயிருத்தல் அப்பட்டத்தின் கடமை. அம்மரபில் வந்தவருள் புகழ்மிக்கவர் கிழவன் சேதுபதி என வழங்கப்பெற்ற இரகுநாத சேதுபதி ஆவர். போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவர் இவரே.

1710-இல் கிழவன் சேதுபதி காலஞ்சென்றனர். அவர்க்குப் பவானி சங்கரர் என்றொரு மைந்தர் இருந்தும், முறையான மனைவி வயிற்றுப் பிறந்தவர் அல்லர் என்னும் காரணத்தால் விலக்கப்பட்டு, விஜய இரகுநாதர் சேதுபதியாயினர். விஜய இரகுநாதர் மறைந்தவுடன் மறைந்திருந்த நெருப்பு மூண்டது. தண்டத் தேவர் ஒருபுறமும் பவானி சங்கரர் மற்றொருபுறமுமாக நின்று பொருதனர். பவானி சங்கரர் தஞ்சை மராட்டிய மன்னரின் துணைகொண்டு வென்றனர். அதே தஞ்சையின் துணைகொண்டு சசிவர்ணத் தேவரும் கட்டயத் தேவரும் பின்னர் அவரை வென்றனர். உதவிக்கு வந்தவன் வெறுங்கையோடு போவானா? 1728-ஆம் ஆண்டையொட்டிச் சேதுநாடு துண்டுபட்டது. வடபகுதி தஞ்சைக்குப் போயிற்று. எஞ்சியதை ஐந்து கூறாக்கி, மூன்று கூறு கட்டயத் தேவர்க்கு இராமநாதபுரமாகவும், இரண்டு கூறு சசிவர்ணத் தேவர்க்குச் சிவகங்கையாகவும் அமைந்தன.

வீட்டுச் சண்டைக்கு வெளியானைத் துணைக்கழைத்தால், துணைவந்தவனே முதற் பங்காளியாவான் என்பதனை இதினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு வேண்டுவதில்லை. பிற்காலத்தில் தஞ்சை மன்னர் இருந்த இடத்தில் கோர்ட்டு வந்து அமர்ந்தது, அவ்வளவே வேற்றுமை.

சிவகங்கை வழக்கு

சசிவர்ணரின் மைந்தர் முத்துவடுகநாதத் தேவர் 1772-இல் காளையார்கோயிற் போரில் வீழ்ந்தனர். அவர் தேவியாராகிய வேலு நாச்சியார் பல ஆண்டு மறைந்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டமை தமிழ்நாடு முழுதும் போற்றும் செய்தியாதலின் ஈண்டு விரிக்கவில்லை. 1801-இல் மருது சகோதரர்கள் கும்பினியாரை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்டபோது, கும்பினியார் படமாத்தூர்க் கௌரி வல்லபத் தேவரைப் பட்டத்தில் அமர்த்தி, 1803-இல் ஜமீன் சன்னதும் அளித்தனர். இந்தச் சன்னதே பின்வரும் வழக்குக்கு ஆணிவேர்.

கௌரி வல்லபர் 1829-இல் ஆண்மகவின்றிக் காலமாயினர். மனைவியரும் பெண்மக்களும் இருந்தனர். அவருடைய தமையனார் ஓயாத் தேவர் முன்னரே இறந்துபட்டாராயினும், அத்தமையனாரின் ஆண்மக்கள் இருந்தனர். 'குடும்பம் பிரியாத குடும்பம். ஆண் பங்காளிகள் இருக்கப் பெண்களுக்குப் பாத்தியம் ஏது?' என்று சொல்லித் தமையன் மகனார் பட்டத்தில் அமர்ந்தனர். சர்க்காரும் அதனை ஏற்றனர்.

கௌரி வல்லபரின் மனைவியருள் ஒருவராகிய அங்கமுத்து நாச்சியார் இதற்கு இணங்கவில்லை. 'குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும். ஆனால் இந்த ஜமீன் என் கணவர்க்குக் கும்பினியார் தனியே அளித்தது. மூதாதையர் தேட்டு அன்று, அவருடைய சுயார்ஜிதம். ஆதலின் அது பங்காளிகளுக்குச் செல்லாது, எனக்கே வரும்' என்று அவர் தாவா தொடுத்தனர். அவ்வம்மையார் வாழ்நாளில் வழக்கு முடியவில்லை. அவர் மறைந்தபின், கௌரி வல்லபரின் மகளாராகிய காத்தம நாச்சியார் அதனை ஏற்று நடத்தினர். கீழ்க் கோர்ட்டுகளில் தோல்வி கண்டும் சோராது சீமைக்கு அப்பீல் செய்தனர். 1863 நவம்பரில், இலண்டனிலிருந்த பிரிவி கௌன்சில் காத்தம நாச்சியார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் சாரம் இது. பிரியாத குடும்பத்தில் ஒருவனுக்குப் பொதுச்சொத்தும் இருக்கலாம், சுயார்ஜிதமும் இருக்கலாம். பொதுச்சொத்து அவன் இறந்தபின் எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சாரும். சுயார்ஜிதமோ, ஆண்மகவு இல்லாவிடத்து, முதலில் மனைவிக்கும் பின்னர் மகளுக்கும் செல்லும். சிவகங்கை, கௌரி வல்லபர்க்குக் கும்பினியார் புதிதாக அளித்த சொத்தாதலின், பெண்வழிக்கே உரியது. இத்தீர்ப்பு இந்து தாய நூலிற் பெருந்தூணாய் நிலைத்தது. அந்நாளில் திரைக்குப் பின்னிருந்த தமிழ்நாட்டுப் பெண்டிர் இருவர் தளராமல் நின்று பெற்ற தீர்ப்பு இது என்பதனை நம் பெண்மக்கள் நினைவில் வைத்தல் நலம்.

ஆனால் வெற்றியின் விலை யாது? 1829 முதல் 1863 வரை முப்பத்துநான்கு ஆண்டு. ஒரு தலைமுறை முழுதும் வக்கீல் வீட்டுப் படியிலும் கோர்ட்டு வாயிலிலும் கழிந்தது. வழக்குச் செலவு எங்கிருந்து வந்தது? ஜமீன் வருமானம் என்பது கண்மாய்க்கரைக் குடியானவன் அளந்த தீர்வையேயன்றி வேறன்று. காத்தம நாச்சியார் 1877-இல் காலஞ்சென்றதும், கௌரி வல்லபரின் பேரர்களுக்குள் மீண்டும் வழக்கெழுந்து, 1881-இல் அதுவும் பிரிவி கௌன்சில் வரை சென்றே முடிந்தது. பின்னர் ஜமீன் ஐரோப்பியக் குத்தகைதாரர் கையில் பல ஆண்டு கிடந்தது. பாத்தியம் வென்றது, பண்ணை தேய்ந்தது.

இராமநாதபுரத்துச் சுவீகாரம்

இனி இராமநாதபுரத்தை நோக்குவோம். 1795-இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பட்டத்தினின்று இறக்கிச் சிறைவைத்தனர். 1803-இல் அவர் சகோதரியார் மங்களேசுவரி நாச்சியார்க்கு ஜமீன் சன்னது அளிக்கப்பட்டது. அதன்பின் இரண்டு தலைமுறை அவ்வரண்மனையில் சுவீகாரமும் தாவாவும் மாறிமாறி நடந்தன. இறுதியில் இராமசாமி சேதுபதி ஆண்மகவின்றி மறைய, அவர் தேவியார் பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்கர் என்னும் சிறுவரைச் சுவீகாரம் எடுத்தனர்.

மதுரைக் கலெக்டர் சர்க்கார் சார்பில் அதனை மறுத்தனர். 'கணவன் உயிரோடிருந்தபோது அனுமதி தந்திலன்; அனுமதியின்றி விதவை செய்த சுவீகாரம் செல்லாது; ஆதலின் வாரிசின்றி ஜமீன் சர்க்காரைச் சேரும்' என்பது அவர் வாதம். இவ்வாதம் நின்றிருப்பின், சேதுபதி பட்டம் அன்றே ஒழிந்திருக்கும்.

1868-இல் பிரிவி கௌன்சில் சர்க்காரின் வாதத்தைத் தள்ளியது. தென்னாட்டு வழக்கப்படி, கணவனின் நெருங்கிய உறவினர் இசைந்தால், அவன் அனுமதி இல்லாமலே விதவை சுவீகாரம் எடுக்கலாம் எனத் தீர்த்தது. அதற்குக் கூறிய காரணமே நாம் பொன்னேபோற் போற்றத்தக்கது: ஒரு சமுதாயத்தில் ஐயமற மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு, ஏட்டில் எழுதிய நூல்விதியினும் வலியுடைத்து என்பது அக்கருத்து. குல வழக்கங்களைக் குறித்து வைப்பதும், திருமணப் பதிவேடும் குடிவழிப் பட்டியும் பேணுவதும் நம் போன்ற சங்கங்களுக்கு வீண்வேலை என்று எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக.

இத்தீர்ப்பால் நிலைபெற்ற முத்துராமலிங்க சேதுபதியின் தமையனாரே பொன்னுசாமித் தேவர். அவர் மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினர். முத்துராமலிங்கரின் மைந்தர் பாஸ்கர சேதுபதி, தீர்ப்பு வந்த அதே 1868-இல் பிறந்தவர். 1893-இல் விவேகானந்த சுவாமிகள் சிக்காகோ செல்ல ஊக்கமளித்தவர். ஒரு விதவையின் சுவீகாரம் செல்லாதென்று தள்ளப்பட்டிருப்பின், தமிழுக்கும் சமயத்துக்கும் இவர்கள் செய்த பணிக்கு இடமேது? பட்டம் தகுந்த கையிற் சேரின் நாட்டுக்கே பயன் என்பதற்கு இது சான்று.

சீமையிலும் அவ்வாறே

இவ்வித வழக்குகள் நம் நாட்டுக்கே உரிய இழிவென்று சிலர் கருதுவர். அது தவறு. ஆங்கிலேயரின் தீவிற்கு வடபாலுள்ள ஸ்காத்லாந்தில் சதர்லாந்து என்றொரு பழைய பிரபுப் பட்டம் உண்டு. 1766-இல் அப்பிரபுவும் மனைவியும் சின்னாட்களில் அடுத்தடுத்து இறக்க, எலிசபெத்து என்னும் கைக்குழந்தை ஒன்றே எஞ்சியது. 'பெண்ணுக்குப் பட்டமா?' என்று ஆண்வழி உறவினர் இருவர் போட்டியிட்டனர். 1771-இல் பிரபுக்கள் சபை, ஸ்காத்லாந்தின் பழைய வழக்கப்படி அப்பட்டம் பெண்ணுக்கும் செல்லுமென்று அக்குழந்தைக்கே தந்தது. காத்தம நாச்சியார் தீர்ப்புக்குத் தொண்ணூற்றிரண்டு ஆண்டு முற்பட்டது இது.

மார் என்னும் மற்றொரு பட்டத்தின் கதை இன்னும் விந்தையானது. 1866-இல் அப்பிரபு மகப்பேறின்றி இறந்தனர். அவர் சகோதரியின் மகனும், ஆண்வழி உறவினராகிய கெல்லிப் பிரபுவும் வழக்காடினர். 1875-இல் கெல்லிக்குத் தீர்ப்பாயிற்று. ஆனால் அத்தீர்ப்பு தவறென்று பலரும் குறைகூறவே, 1885-இல் பாராளுமன்றமே ஒரு சட்டம் செய்து, மார் என்னும் பெயரில் இரண்டு பட்டங்கள் உள என்று கூறி, ஆளுக்கொன்று தந்தது! இன்றளவும் அப்பெயரில் இரண்டு பட்டங்கள் வழங்குகின்றன. சேதுநாடு இரண்டானதற்குப் போர் வேண்டியிருந்தது. மார் இரண்டானதற்குக் காகிதம் போதிற்று.

ஒன்று மட்டும் ஈண்டு மறைத்தலாகாது. கைக்குழந்தையாய்ப் பட்டம் பெற்ற அந்த எலிசபெத்து அம்மையாரும் அவர் கணவரும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆடு வளர்ப்பு ஆதாயமென்று கருதித் தலைமுறை தலைமுறையாய் இருந்த ஏழைக் குடிகளை ஆயிரக்கணக்கில் குடியெழுப்பினர். குடிசைகள் தீக்கிரையாயின. பட்டம் நியாயமான வாரிசுக்கே சென்றது. அந்நியாயம் குடியானவனுடைய கூரைவரை செல்லவில்லை. வாரிசு யார் என்பதினும் வாரிசு எத்தகையவர் என்பதே பெரிதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பட்டங்கள் ஒழிந்தன

நம் நாட்டில் 1904-இல் சென்னைச் சர்க்கார் செய்த சட்டம், பெரிய ஜமீன்கள் பங்கிடத்தகாதன என்பதனை உறுதிசெய்தது. மூத்தவர் ஒருவரே பெறுவர், இளையோர்க்கு ஜீவனாம்சமே. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலத்தில் நிலைத்த உரிமை தந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையே ஒழித்தது. எந்தப் பாத்தியத்துக்காக நாச்சியார்கள் முப்பத்துநான்கு ஆண்டு போராடினரோ, அது ஒரு சட்டத்தினால் மறைந்தது. இராமநாதபுரத்துச் சண்முக இராஜேசுவர சேதுபதி, 1952-இல் இராஜாஜியின் மந்திரிசபையில் மந்திரியாயினர். பட்டத்தால் வாராத பதவி வாக்கால் வந்தது.

நம் தாமிரபரணி பிறக்கும் மலைச்சாரலில் சிங்கம்பட்டி ஜமீன் இருந்தது. அதன் இறுதிப் பட்டத்தாரான முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள், ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று சொரிமுத்து ஐயனார் கோயிலில் இராஜ உடையுடன் வீற்றிருந்து மக்களுக்குக் காட்சியளிப்பார். தீர்வை வாங்கும் உரிமையோ ஆணையிடும் அதிகாரமோ அவர்க்கு இல்லை. எனினும் மக்கள் திரண்டு வந்து வணங்கினர். 2020 மே மாதத்தில் அவர் காலமானார். சொத்து போனபின்னும் எஞ்சி நின்றது மதிப்பொன்றே.

நமக்கு வரும் படிப்பினை

நிற்க. அரசரும் ஜமீன்தாரும் ஒழிந்தாராயினும், ஆற்றுப்பாசன வயலும் வாழைத்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் கடைவீதிக் கட்டடமும் நம்மிடம் உள. இவற்றுக்கும் வாரிசு உண்டு, வழக்கும் உண்டு. ஆதலின் மூன்று சொற்களை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: நன்றாயிருக்கும் காலத்திலேயே உயிலோ செட்டில்மெண்டோ பாகப்பிரிவினைப் பத்திரமோ எழுதி ரிஜிஸ்டர் செய்க. சுயார்ஜிதம் எது, பூர்வீகம் எது என்பதனைப் பிரித்துக் குறித்து வைக்க. கௌரி வல்லபர் அவ்வாறு ஐயமற ஏற்பாடு செய்திருப்பின், முப்பத்துநான்கு ஆண்டு வழக்கு வந்திராது.

இரண்டாவது: பெண்மக்களின் பங்கை மறவற்க. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மகளையும் வாரிசாக்கிற்று. 1989-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதுவரை மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பங்கு தந்தனர். 2005-இல் அது பாரததேச முழுமைக்கும், மணமான பெண்களுக்கும் விரிந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகனைப் போலவே மகளுக்கும் அவ்வுரிமை பிறப்பினாலேயே வருவது, 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதும் இல்லை என்று ஐயந்தீர்த்தது. சட்டம் இவ்வாறிருக்க, நம் இல்லங்களில் நடப்பது யாது? தை பிறந்தவுடன் தங்கைக்குப் பொங்கற்படி கொண்டு செல்லும் அண்ணன், வெல்லத்தோடும் கரும்போடும் விடுதலைப் பத்திரத்தையும் கொண்டு செல்கிறான். 'பிறந்த வீட்டு உறவு வேண்டுமானால் கையெழுத்திடு' என்பது வாயாற் சொல்லாது முகத்தாற் சொல்லப்படுகிறது. தங்கையும் உறவு அற்றுப்போகுமே என்று அஞ்சிக் கையெழுத்திடுகிறாள். இதனை விட்டுக்கொடுத்தல் என்று நாம் பெயரிட்டழைக்கிறோம். மனமுவந்து தருவதே விட்டுக்கொடுத்தல். அச்சத்தால் தருவது அதுவன்று. காத்தம நாச்சியார் சீமைவரை சென்று பெற்ற நியாயத்தை, நம் வீட்டுத் திண்ணையிலே நாம் மறுக்கலாமா?

மூன்றாவது: பூசல் நேர்ந்தவிடத்து, கோர்ட்டுப் படி ஏறுமுன் குடும்பப் பெரியோர் முன்னும், வேண்டின் நம் சங்கத்துப் பெரியோர் முன்னும் அமர்ந்து பேசுக. அங்ஙனம் பேசுங்கால் பெண்மக்களும் உடனிருந்து வாய்திறந்து பேச இடமளிக்க. அவர்கள் இல்லாத பஞ்சாயத்து அரைப் பஞ்சாயத்தே. சமரசம் கூடாவிடில் கோர்ட்டு இருக்கவே இருக்கிறது. அதன் வாயிலை எவரும் அடைப்பாரில்லை.

சேதுநாட்டைக் கூறிட்டவர் எவரும் இன்று இல்லை. அவர்கள் கூறிட்ட எல்லையும் இல்லை. கொற்கையின் முத்துத் துறையைவிட்டுக் கடலே பல கல் விலகிப் போயிற்று. நிலையாத நிலத்தின் பொருட்டு நிலைத்த உறவை இழத்தல் அறிவுடையார் செயல் அன்று. இவ்விதழைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும், வருகிற தைப்பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குச் செல்லுங்கால், படியோடு அவள் பங்கையும் எண்ணிச் செல்வாராக.